முப்பதில் ஆரம்பித்தால் தாமதமா?

கேள்வி: எனக்கு 24 வயது, மாநிறம். திருமங்கலத்திலிருந்து மதுரையில் உள்ள ஒரு தனியார் பள்ளிக்குத் தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். "சருமப் பராமரிப்பை இருபதிலேயே ஆரம்பிக்கணும், முப்பதில் ஆரம்பித்தால் லேட்" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு டீச்சர் ஏழு பாட்டில் கொண்ட செட் ஒன்றை 4,800 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். நானும் அதே செட்டை வாங்கி இரண்டு மாதமாகிறது. அம்மாவோ பயத்தமாவு போதும் என்கிறார். 76 வயதாகும் அப்பத்தா ஆயுசுக்கும் எந்தக் க்ரீமும் போட்டதில்லை. கன்னத்தில் லேசாகக் கருமை இருந்ததால் தெரிந்த பார்லர் அக்கா ஒரு ட்யூப் பெயரை எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்காமலே தந்தார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நாலு மாதமாகப் போடுகிறேன். இப்போது இரண்டு நாள் விட்டாலே முகம் சிவந்து அரிக்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை என் ரெட்டினால் சீரத்தை எடுத்துப் பூசிக்கொள்கிறாள். வருகிற தையில் எனக்குக் கல்யாணம். நான் உண்மையில் என்னதான் செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதுமையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ட்யூப்தான். அதை முதலில் முடித்துவிடுவோம்.

சீட்டில்லாமல் கிடைத்தது, பத்து நாளில் பளிச், விட்டால் சிவப்பும் அரிப்பும். இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம் என்று ட்யூபைப் பார்க்காமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். ட்யூபின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெடசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். கூடவே ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் இருந்தால் அது மூன்று மருந்துக் கலவை. மங்குக்காகத் தோல் மருத்துவர்களே எழுதுவதுதான், ஆனால் சில வாரங்களுக்கு, கண்காணிப்போடு. தினமும் காலையில் பவுடர் போடுவதுபோல் மாதக்கணக்கில் போட அதை யாரும் உருவாக்கவில்லை.

அது ஏன் பளிச்சென்று ஆக்குகிறது தெரியுமா? ஸ்டீராய்டு தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அமுக்கும், நிறமி உருவாவதையும் குறைக்கும். பார்க்க வெளுப்பாக, வழுவழுப்பாகத் தெரியும். உள்ளே நடப்பது வேறு. கொலாஜன் என்கிற புரதம்தான் தோலுக்குத் தடிமனையும் இறுக்கத்தையும் தருகிறது. புதிய கொலாஜன் உருவாவதை ஸ்டீராய்டு தடுக்கிறது. தோல் மெலிகிறது, ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலிழைபோல் வெளியே தெரிகின்றன, பரு கிளம்புகிறது, கன்னத்தில் பூனைமுடி அடர்கிறது. முகம் மூப்படையக் கூடாது என்று தவிக்கிற அதே நேரத்தில், தோலை வேகமாக மூப்படைய வைக்கும் மருந்தை நீங்களே தினமும் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் ஏழு பாட்டிலும் சேர்ந்து இந்த ஒரு ட்யூபின் சேதத்தை ஈடுகட்டாது.

இதில் நீங்கள் தனியாள் இல்லை. இந்தியாவின் பல ஊர்களில் தோல் நோய்ப் பிரிவுகளுக்கு முகப் பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் மத்திய அரசு இந்த க்ரீம்களை 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலுக்குள் முழுதாகக் கொண்டுவந்தது. அதாவது மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சட்டம் அப்படி. கடையில் நடப்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நாலு மாதம் போட்டுவிட்டதால் நாளைக்கே தூக்கி எறிந்துவிடுங்கள் என்று நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு முகம் கொதிப்பதுபோல் எரியும், சீழ்ப்பருக்கள் கிளம்பும். பயந்துபோய் மறுபடி அதையே போடுவார்கள், அப்புறம் அதிலிருந்து வெளியே வருவது இன்னும் கஷ்டமாகிவிடும். இந்த வாரமே ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். காசு யோசனையாக இருந்தால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. படிப்படியாகக் குறைப்பதா, ஸ்டீராய்டு இல்லாத மாற்று மருந்து கொடுப்பதா என்று அவர்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். முழுதாகச் சரியாகச் சில மாதங்கள் ஆகலாம். தைக்குள் ஆகிவிட வேண்டும் என்றால் இன்னொரு மாதம் தள்ளாதீர்கள். அதுவரை ஏழு பாட்டில் செட்டைத் தொடவே வேண்டாம். மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். அவ்வளவுதான்.

அதே மூச்சில் இன்னொன்று. பெயர் தெரியாத 'ஒயிட்டனிங்' க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புரத்தில் 2023இல் அப்படிப்பட்ட க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி வந்தது நினைவிருக்கும். தயாரித்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் அச்சிடாத எதையும் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

சரி, இப்போது வயதுக்கு வருவோம்.

அப்பத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அவரையே வைத்து ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். அவர் முகத்தையும் முழங்கைக்குக் கீழே புறங்கையையும் பாருங்கள். பிறகு மேல்கையின் உட்புறம், அதாவது உடம்போடு ஒட்டியிருக்கும் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் 76 வயதுதான். முகத்தில் சுருக்கமும் திட்டுத் திட்டான கருமையும் இருக்கும். உட்புறக் கையில் தோல் மெல்லியதாக, கொஞ்சம் தளர்ந்து இருக்கும், ஆனால் நிறம் ஒரே சீராக இருக்கும், ஆழமான கோடுகள் இருக்காது. வயதால் மட்டும் வரும் மாற்றம் அந்த உட்புறக் கையில் தெரிவது. முகத்தில் அதற்கு மேல் தெரிவதில் பெரும்பகுதி வெயில்.

எப்படி? புறஊதாக் கதிர்களில் இரண்டு வகை நம்மை வந்து சேர்கின்றன. யுவிபி மேல்தோலைச் சுட்டுச் சிவக்கவும் கறுக்கவும் வைக்கும். யுவிஏ அதைத் தாண்டி உள்தோலுக்குள் இறங்கும். அங்கே கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடும். எரிச்சலே தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும், யுவிஏவைப் பெருமளவு உள்ளே விடும். 2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் 69 வயதான ஒருவரின் முகப்படம் வெளியானது. அவர் 28 ஆண்டுகள் டெலிவரி டிரக் ஓட்டியவர். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம், அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடது கன்னம் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கிப்போயிருந்தது. வலது கன்னம் பத்திருபது வயது இளையவருடையதுபோல் இருந்தது. மூக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மனிதர், ஒரே சாப்பாடு, ஒரே பரம்பரை! நம் ஊர் லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கு வலது கை கறுத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"நமக்குத்தான் கறுப்பு நிறம் பாதுகாப்பாச்சே" என்று உங்கள் அம்மா சொல்லக்கூடும். பாதி சரி. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒரு நல்ல கவசம். அதனால்தான் வெள்ளைக்காரர்களைவிட நமக்குச் சுருக்கம் பொதுவாகப் பத்து வருடமாவது தள்ளி வருகிறது. ஆனால் நம் தோலில் வெயிலின் கணக்கு சுருக்கமாக ஆரம்பிப்பதில்லை, நிறமாக ஆரம்பிக்கிறது. கன்னத்தில் மங்கு, நெற்றியோரத்தில் கருமை, வாயைச் சுற்றித் திட்டு, முகத்துக்கு ஒரு நிறம் கழுத்துக்கு ஒரு நிறம். முப்பதுகளில் இதோடு வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். கண்ணோரக் கோட்டுக்காக வருகிறவர்கள் குறைவு. உங்கள் கன்னத்துக் கருமையும் இந்த வகையாக இருக்கலாம், அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். எந்தக் கருமையானாலும், வெயிலைத் தடுக்காமல் அதற்கு மருந்து போடுவது வீண்செலவு.

மதுரை வெயிலுக்கு ஒரு விசேஷமும் உண்டு. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை, சித்திரை ஆரம்பத்திலும் ஆவணியிலும், நடுப்பகலில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் வரும். வெயிலில் புறஊதாவின் கடுமையைச் சொல்லும் புறஊதாக் குறியீடு 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்கு அந்த மாதங்களில் அது 11ஐத் தாண்டும். மார்கழிப் பனியிலும்கூட நடுப்பகலில் 3க்குக் கீழே இருக்காது. சூடு தெரியவில்லை என்பதால் கதிர் இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு சுலபமான அடையாளம்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அது நல்ல வெயில் இல்லை.

சன்ஸ்கிரீன் உண்மையிலேயே முதுமையைத் தள்ளிப்போடுமா? இதற்கு மட்டும் விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை, நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்றொரு ஊர். அங்கே 55 வயதுக்குக் கீழே இருந்த 903 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரைத் தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னார்கள், மற்றவர்களை அவரவர் இஷ்டத்துக்கு விட்டார்கள். நாலரை வருடம் கழித்து, தினமும் போட்டவர்களின் தோலில் மூப்பு 24 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. 2013இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் போட்டது எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீனின் தடுப்புத் திறனைக் காட்டும் எண்) 15 அளவுதான், இன்று கடையில் கிடைப்பதைவிடக் குறைவு. அதே ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், அதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள் என்பதால் அந்த 24ஐ அப்படியே நமக்குப் பொருத்த வேண்டாம். திசை சரிதான்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அவர்களில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களும் இருந்தார்கள். ஆகவே முப்பதில் ஆரம்பித்தால் லேட் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். "வாழ்நாள் வெயிலில் 80 சதவீதம் 18 வயதுக்குள் வாங்கிவிடுகிறோம்" என்று ஒரு வாசகமும் சுற்றுகிறது. அமெரிக்காவில் பின்னாளில் கணக்கிட்டுப் பார்த்தபோது அது கால்வாசிக்கும் குறைவு என்று தெரிந்தது. மிச்சமெல்லாம் இனிமேல் நீங்கள் வாங்கப்போகும் வெயில்.

எதை வாங்குவது? எஸ்பிஎஃப் 30 யுவிபியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98ஐ. ஆக 100 என்று போட்டதைத் தேடி இரட்டை விலை கொடுக்க வேண்டாம். எஸ்பிஎஃப் யுவிஏவைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு 'பிஏ' என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். மூன்று, நான்கு குறி இருப்பதை எடுங்கள். வியர்க்கும் ஊரில் ஜெல் அல்லது லேசான லோஷன் ஒத்துவரும். வெள்ளையாகப் பூத்துத் தெரிகிறது என்று சலித்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படியானால் நிறம் கலந்த சன்ஸ்கிரீனைப் பாருங்கள். அதில் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கிறது. நம் நிறத்துக்கு இது முக்கியம், ஏனென்றால் அந்த வெளிச்சமும் மாநிறத் தோலில் கருமையைத் தூண்டும், மங்கைக் கிளப்பும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது.

ஆனால் எந்தப் பிராண்ட் என்பதைவிட எவ்வளவு போடுகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். அட்டையில் எழுதியிருக்கும் எண் ஆய்வகத்தில் தாராளமாகப் பூசி அளந்தது. பெரும்பாலானோர் போடுவது அதில் பாதிகூட இல்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். அது ஒரு கிராமுக்குச் சற்று மேலே வரும். காலை ஒன்று, மதியம் ஒன்று என்றால் 50 கிராம் ட்யூப் ஒரு மாதம்கூட முழுசாக வராது. உங்கள் ட்யூப் நாலு மாதம் வருகிறது என்றால் நீங்கள் சன்ஸ்கிரீன் போடவில்லை, சன்ஸ்கிரீனின் வாசனையைப் போடுகிறீர்கள். அதனால்தான் விலை குறைந்ததை வாங்குங்கள் என்கிறேன். 900 ரூபாய் ட்யூபைக் கை நடுங்கிக் கொஞ்சமாகப் பிதுக்குவதைவிட 300 ரூபாய் ட்யூபைத் தாராளமாகப் போடுவது பலன் தரும்.

உங்கள் நாளுக்கு இதைப் பொருத்துவோம். வீட்டைவிட்டுக் கிளம்பக் கால்மணி நேரம் முன்னால் முதல் பூச்சு. காதும் பின்கழுத்தும் மறந்துபோகிற இடங்கள், கைவிரல் முட்டிகளும்தான். வெயிலில் நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திரும்பப் போட வேண்டும். வகுப்பறைக்குள் இருப்பவருக்கு அந்தக் கண்டிப்பு தேவையில்லை. மதிய இடைவேளையில் முகம் கழுவித் துடைத்துவிட்டு ஒரு முறை போதும், சாயங்காலம் வண்டி எடுப்பதற்கும் அது பயன்படும். கிரவுண்ட் டியூட்டி வரும் நாளில் குடை பிடித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

க்ரீமைவிடத் துணி நல்லது. அது வியர்வையில் கரையாது, அளவு குறைவாகப் போட்டுவிட்டோமோ என்ற கவலையும் இல்லை. ஆனால் துணியில் ரகம் இருக்கிறது. துப்பட்டாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரிகிற ஷிஃபான் வெயிலுக்கு ஒன்றுமே இல்லை. நெருக்கமாக நெய்த, அடர்நிறப் பருத்திதான் வேலை செய்யும். முழுக்கைக் கையுறை வாங்கியிருப்பீர்கள், ஸ்கூட்டி ஓட்டுகிற எல்லாப் பெண்களும் வைத்திருக்கிறார்கள். ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் முகமூடி புறஊதாவைப் பெருமளவு தடுக்கும், காற்றுக்காக அதைத் தூக்கிவிட்டு ஓட்டாதீர்கள். டால்கம் பவுடர் வெயிலைத் தடுக்காது, இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வைட்டமின் டி குறைந்துவிடுமோ என்று கேட்பீர்கள். நடைமுறையில் யாரும் உடம்பு முழுவதும், இடைவெளி விடாமல், கச்சிதமாகப் போடுவதில்லை. குறைபாடு இருக்கிறதா என்று சந்தேகமிருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை போடலாம். முகத்தை வெயிலில் காட்டி அதை ஈட்ட வேண்டாம்.

அந்த ஏழு பாட்டில் செட்டில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. வைட்டமின் சி, நியாசினமைடு, ஹையலுரோனிக், ஏதாவது ஒரு அமிலம், ரெட்டினால், டோனர், கண்ணுக்கடியில் போட ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் விஷமில்லை. நியாசினமைடு நம் நிறத்துக்கு ஒத்துப்போகிற நல்ல சரக்கு, 4 அல்லது 5 சதவீதம் போதும். வைட்டமின் சி வெளிச்சமும் காற்றும் பட்டால் கெட்டுப்போகும், பழுப்பு நிறமானால் தூக்கிப்போட வேண்டியதுதான். டோனர் வாங்காவிட்டால் எந்த நஷ்டமும் இல்லை. கண் க்ரீம் என்பது பெரும்பாலும் சின்ன டப்பாவில் அடைத்த மாய்ஸ்சரைசர்.

ஆபத்து எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதில் இருக்கிறது. அமிலமும் ரெட்டினாலும் சேர்ந்து தோலின் மேல்தடுப்பை அரித்துவிடும். வெள்ளைத் தோலில் அது சிவந்து, உரிந்து, ஒரு வாரத்தில் சரியாகும். மாநிறத் தோலில் ஒவ்வொரு எரிச்சலும் ஒரு கறுப்புத் தடயத்தை விட்டுவிட்டுப் போகிறது, அது மறைய மாதங்கள் ஆகும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் இது.

வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் குடும்பத்துக்கு மட்டும் மரியாதை கொடுத்துத் தனியாகச் சொல்ல வேண்டும். வெயிலால் மூப்படைந்த தோலைத் திருத்துவதில் அதிகம் ஆராயப்பட்ட மருந்து ட்ரெட்டினாயின். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மேன் அதை முதலில் பருவுக்கு மருந்தாகக் கொண்டுவந்தார். சுருக்கமும் குறைகிறது என்று 1986இல் எழுதினார். (அவர் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மீது வருடக்கணக்கில் தோல் சோதனைகள் நடத்தியவர் என்பது தோல் மருத்துவம் இன்றும் தலைகுனிகிற சேதி.) ரெட்டினால் அதன் மென்மையான உறவினர், கடையில் கிடைக்கும். 24 வயதில் உங்களுக்கு இது தேவையா? பரு இல்லாவிட்டால் இல்லை. முப்பதை ஒட்டி, விருப்பமிருந்தால் ஆரம்பிக்கலாம். இரவில் மட்டும், முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு, வாரத்தில் இரண்டு நாளிலிருந்து மெதுவாக.

உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தையில் கல்யாணம் என்கிறீர்கள். கர்ப்பமாக இருக்கும்போதும் குழந்தைக்குத் திட்டமிடும்போதும் இந்தக் குடும்பத்து க்ரீம் எதையும் போடக் கூடாது. பூச்சு மருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம்தான், முன்பு போட்டுவிட்டோமே என்று பதற வேண்டாம், ஆனால் நிறுத்திவிடுங்கள். பருவுக்காக விழுங்கக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை விஷயத்தில் பதற வேண்டியதுதான். அது கருவில் உள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய மருந்து, மருத்துவர் கட்டுப்பாடு இல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கூடாது.

அம்மாவின் பயத்தமாவு? தாராளமாக. நைசாக அரைத்துச் சலித்திருந்தால் பல சோப்புகளைவிட அது சாது. சாதாரண சோப்பின் பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 9, 10 என்று இருக்கும், தோல் விரும்புவது ஐந்தை ஒட்டி. ஆனால் கரகரவென்று தேய்க்கக் கூடாது. பீர்க்கங்காய் நார், வால்நட் ஸ்க்ரப் எல்லாம் முகத்துக்கு வேண்டாம், தேய்த்த இடம் கறுக்கும். மாவில் எலுமிச்சைச் சாறு பிழிகிற வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் வெந்ததுபோல் ஆகிக் கறுத்துவிடும். அப்புறம், மாவு அழுக்கை எடுக்கும், வெயிலைத் தடுக்காது. அம்மாவும் நீங்களும் வாதாட வேண்டியதே இல்லை, ஒன்று கழுவ, மற்றொன்று பூச.

கொலாஜன் பவுடரைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் யாராவது விற்க வருவார்கள். விழுங்கிய கொலாஜன் வயிற்றில் உடைந்து சிறு துண்டுகளாகத்தான் உள்ளே போகிறது. பலன் இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகளில் பல, தயாரிக்கும் நிறுவனங்களின் காசில் நடந்தவை. அந்தப் பணத்துக்கு முட்டையும் பருப்பும் மீனும் வாங்கலாம். வெளுப்பாவதற்கு குளூட்டாதயோன் ஊசி என்று மணப்பெண்களைக் குறிவைத்து விற்கிறார்கள், கிட்டவே போகாதீர்கள். தூக்கம் முக்கியம். புகை வெயிலுக்கு அடுத்த எதிரி, உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்காது என்றே நினைக்கிறேன், மாப்பிள்ளைக்கு இருந்தால் இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு மாதம் முகத்தில் புதிதாக எதையும் சோதிக்காதீர்கள். பார்லர் பேக்கேஜில் ப்ளீச், பீல் என்று சேர்த்திருப்பார்கள், இரண்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஸ்டீராய்டிலிருந்து மீண்டுகொண்டிருக்கிற முகம் அதைத் தாங்காது. மேக்கப் சாமான்களை முன்கூட்டியே வாங்கிக் காதுக்குப் பின்னால் நாலைந்து நாள் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில் அரிப்போ வெளுப்போ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், அந்தப் பசை சிலருக்கு நிரந்தர வெண்புள்ளியாகவே போய் முடிகிறது.

கடைசியாகத் தங்கை. சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும் என்ற பேச்சு பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளிடம் இறங்கி ரொம்ப நாளாகிறது. அமெரிக்காவில் 2025இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுமிகள் தங்கள் முகப்பூச்சு முறையைக் காட்டும் நூறு டிக்டாக் வீடியோக்களை எடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஆறு பொருள்கள். பகலில் போடுகிறவற்றில் சன்ஸ்கிரீன் இருந்தது நாலில் ஒரு பங்கு வீடியோவில்தான். ஸ்வீடனில் ஒரு மருந்துக்கடைச் சங்கிலி 2024 முதல் 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அமிலமும் வைட்டமின் ஏவும் கலந்த முகப்பூச்சுகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் விற்பதில்லை என்று முடிவெடுத்தது.

எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தோலில் திருத்துவதற்கு எந்த மூப்பும் இல்லை. ரெட்டினால் அவளுக்குக் கொடுக்கப்போவது எரிச்சலையும் கருமையையும் மட்டும்தான். திட்டாமல் சொல்லுங்கள், ஏனென்றால் அவள் உங்களைப் பார்த்துத்தான் செய்கிறாள். பாட்டிலை உங்கள் பீரோவுக்குள் வையுங்கள். அவளுக்குத் தனியாக ஒரு சன்ஸ்கிரீன் ட்யூப் வாங்கிக் கொடுங்கள், சொந்தமாக ஒன்று இருந்தால் அந்த வயதில் ஒழுங்காகப் போடுவார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து நெற்றியில் வழிய விட்டால் அங்கே பொரிப்பொரியாகக் கிளம்பும், எண்ணெய் வேண்டுமென்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிடட்டும். பருதான் அவளுடைய கவலை என்றால் அதற்கு அவள் வயதுக்கேற்ற மருந்து இருக்கிறது. நீங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.